கயிறு பிடிக்கிறவள்

கயிற்றைப் பிடிப்பதற்கு முன்னால் நனைத்துவிட வேண்டும். காய்ந்த நார்க் கயிறு உள்ளங்கையை அறுத்துவிடும். நனைந்தது கைக்குள் அடங்கி நிற்கும். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு நான் முதலில் கற்றுக்கொண்டது இதைத்தான். நீங்கள் கடலோர ஜெகதாப்பட்டினத்தில் பிறந்தவர் என்று அன்று சொன்னீர்கள். கயிற்றைப் பற்றிப் பேசினால் உங்களுக்குப் புரியும் என்று நினைத்து அதிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

ஷீபா மேடம், நீங்கள் எங்கள் ஊருக்குப் போலீஸ் விசாரணைக்கு வந்து இந்தத் தையோடு இரண்டு வருடம் ஆகிறது. என் அண்ணன் ஆண்ட்ரூஸ் கண்மாயில் இறந்த அன்று சாயங்காலம் எங்கள் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டீர்கள்.

"கயிறு இழுத்துச்சாம்மா?"

"இல்லைங்க" என்றேன். எழுதிக்கொண்டீர்கள். பிறகு, இந்த அம்மாவுக்கு யாராவது காபித்தண்ணி கொடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். மற்ற யாரும் கேட்காத கேள்வி அது. சரியான கேள்வி. பதில்தான் தவறு. உங்கள் காகிதத்தில் என்னால் ஒரு பிழை இருந்துகொண்டிருக்கிறது. அதைத் திருத்துவதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் மொட்டைப் பாறை மலைக்கு அடியில் இருப்பது உங்களுக்குத் தெரியும். அந்த மலையில் காடு கிடையாது. இடுக்குகளில் சீத்தா மரங்களும் கொஞ்சம் புதரும்தான். ஆடுகள் அதையும் மிச்சம் வைக்காது. ஆனால் ஐப்பசியில் மழை பெய்தால் ஒரு சொட்டுகூடப் பாறைக்குள் போகாது. அத்தனையும் வழிந்து அடிவாரத்துக் கண்மாய்க்கு வந்துவிடும். அந்தத் தண்ணீரில்தான் நெல், அதன் மிச்சத்தில்தான் கடலை. ஊரில் பாதிப் பேர் நாங்கள், ஆவூர் மாதா கோயில் பங்கைச் சேர்ந்தவர்கள். பாதிப் பேர் ஊர்ப் பெரியவர் முத்துராஜ் மாமா வகையறா, மலை மேல் இருக்கிற கருப்பரைக் கும்பிடுகிறவர்கள். சாமி வேறு வேறு என்றாலும் கண்மாய் ஒன்றுதான்.

கண்மாயின் மடை கரையில் இல்லை. கரையிலிருந்து ஒரு முப்பது அடி உள்ளே, தண்ணீருக்கு நடுவே இரண்டு கல்தூண்கள் நிற்கின்றன அல்லவா, அங்கே அடியில் ஒரு கல்தொட்டியும் அதில் ஒரு துளையும் இருக்கிறது. துளையை மடைக்கல் அடைத்திருக்கும். பயிர் வாடும்போது ஒருவர் முங்கிப் போய் அந்தக் கல்லைப் பிடுங்க வேண்டும். அந்த மடையைக் குமிழி என்று சொல்வோம். கல் வெளியே வந்த நிமிடம் கண்மாய்த் தண்ணீர் முழுவதும் அந்தத் துளைக்கு ஓடும். கையோ காலோ அதன் பக்கம் இருந்தால் உள்ளே வாங்கிக்கொள்ளும். அதற்காகத்தான் இடுப்பில் கயிறு. கல்லைப் பிடுங்கியதும் உள்ளிருப்பவர் கயிற்றை இரண்டு தடவை சுண்டுவார். கரையில் இருப்பவர் உடனே இழுக்க வேண்டும். பெரிய பலம் எதுவும் வேண்டாம். தண்ணீருக்குள் ஆளுக்கு எடை கிடையாது.

முங்குவது எங்கள் குடும்பம். கயிறு பிடிப்பது முங்குகிறவரின் கூடப்பிறந்தவள். மச்சான் பிடிக்கக் கூடாது, பங்காளி பிடிக்கக் கூடாது, பெண்டாட்டி கரைக்கே வரக் கூடாது. பங்காளிக்கு நிலத்தின் மேல் கண் இருக்கும், பெண்டாட்டிக்குப் பதற்றம் இருக்கும். கூடப்பிறந்தவளுக்கு இரண்டும் இல்லை என்பது ஊர்க்கணக்கு. ஒருத்தி மட்டும்தான் பிடிக்க வேண்டும். பல கை பட்டால் சுண்டுவது தெரியாது. அவள் சொல்லாமல் வேறு யாரும் கயிற்றைத் தொடக் கூடாது. முங்குகிறவருக்கு அறுப்பில் முதல் கட்டு உண்டு. கயிறு பிடிக்கிறவளுக்கு ஒன்றும் இல்லை. கூடப்பிறந்தவளுக்குக் கூலி கொடுப்பது பாவம் என்பார்கள்.

அப்பாவுக்குக் காது போன வருடம் அண்ணன் முங்க ஆரம்பித்தார். அவருக்குப் பதினேழு வயது. நான் ஒன்பதாம் வகுப்பில் இருந்தேன். மடையை எந்த நாள் திறக்கச் சொல்வார்கள் என்று யாருக்கும் தெரியாது. கயிறு பிடிக்கிறவள் பஸ் ஏறிப் பள்ளிக்கூடம் போயிருந்தால் யாரைக் கூப்பிடுவது? அதனால் நின்றுவிட்டேன். யாரும் என்னை அடிக்கவில்லை, அழ வைக்கவில்லை. கை காய்க்க வேண்டும் என்று தினமும் கிணற்றில் ஐம்பது வாளி இறைக்கச் சொன்னார்கள். இறைத்தேன்.

மூச்சுக்கு அளவு ஜெபமாலைதான். அது அப்பாவுக்குக் கயிறு பிடித்த அத்தை சொல்லிக் கொடுத்தது. தலை தண்ணீருக்குள் போனதும் மனதுக்குள் 'அருள் நிறைந்த மரியே' சொல்ல ஆரம்பிக்க வேண்டும். மூன்றாவது முடியும்போது கல் வந்துவிடும். நான்கில் சுண்டுவார். சுண்டினாலும் சுண்டாவிட்டாலும் ஐந்து முடிந்ததும் இழுத்துவிட வேண்டும். ஐந்துக்கு மேல் போகக் கூடாது. இருபத்தாறு வருடத்தில் நான் ஐந்து வரைக்குமே நாலைந்து தடவைதான் போயிருக்கிறேன். கரையில் நிற்பவர்கள் யாரும் எண்ண மாட்டார்கள். என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

என் அண்ணன் நல்லவர். இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். குடிக்க மாட்டார். சந்தைக்குப் போனால் பிளெஸ்ஸி அண்ணிக்கு வாங்குகிற எல்லாவற்றிலும் எனக்கும் ஒன்று வாங்கி வருவார். அவருடைய பிள்ளைகள் லியோனும் ஷர்லியும் என் மடியில்தான் வளர்ந்தார்கள். ஷர்லி ராத்திரி என் பக்கத்தில்தான் தூங்குவாள். எனக்கு அந்த வீட்டில் ஒரு குறையும் இல்லை.

அண்ணன் இறப்பதற்கு மூன்று மாதம் முன்னால், ஐப்பசியில், நானும் பக்கத்து வீட்டுத் திலகவதியும் மலை மேல் சீத்தாப்பழம் பறித்துக்கொண்டிருந்தோம். பஸ் நிறுத்தத்தில் கூடைக்கு நல்ல விலை கிடைக்கும். திலகவதிக்கு வாய் சும்மா இருக்காது.

"ஏண்டி சோபியா, அந்த ஆவூர்க்காரர நீ எதுக்குடி வேணாம்ன? நல்ல மனுசனாம்ல."

"எந்த ஆவூர்க்காரர்?"

"தெரியாத மாதிரி கேக்குறா பாரு. டிராக்டர் பட்டறை வச்சிருக்காரே, மைக்கேல்சாமி. ரெண்டு வாட்டி ஒங்க வீட்டுக்கு வந்து பொண்ணு கேட்டுட்டுப் போனாராம். நீ சிஸ்டராப் போகப் போறன்னு ஒங்கண்ணன் சொல்லி அனுப்பிட்டாராம். எங்க வீட்டுக்காரரு ட்ரெய்லர் ரிப்பேருக்கு அங்கிட்டுப் போனப்ப அவரே சொல்லிச் சிரிச்சிருக்காரு. இன்னுமா மடத்துக்குப் போகலன்னு கேட்டாராம்."

"எப்ப வந்தாராம்?"

"அது ஆச்சு பதிமூணு வருசம். இப்ப அவருக்கு ரெண்டு பிள்ளைக. ஏண்டி, நெசமாவே ஒனக்குத் தெரியாதா?"

கனிந்த பழத்தை அடியில் போட்டால் நசுங்கிவிடும், மேலே வை என்று அவளிடம் சொன்னேன். அவள் எடுத்து மேலே வைத்தாள். கூடையைத் தூக்கிக்கொண்டு இறங்கினோம்.

அன்று சோறு போடும்போது அண்ணனிடம் கேட்டேன். அவர் மறைக்கவில்லை. மறைக்கிற பழக்கம் அவரிடம் இல்லை, கேட்டால் சொல்லிவிடுவார்.

"ஆமா, சொன்னேன். அவருக்கு முன்னாடி ரெண்டு எடம் வந்துச்சு, அதுவும்தான். நீ போயிட்டா கயித்த யாரு பிடிக்கிறது? முத்துராஜ் மாமா பொண்டாட்டியா வந்து பிடிக்கும்? அந்தம்மா என்னய மொத்தமா முக்கிட்டு முதல் கட்டையும் தூக்கிட்டுப் போயிரும்."

அண்ணி சிரித்தார். நானும் சிரித்தேன்.

"இங்க பாரு சோபி," என்றார், குழம்பைத் தள்ளி வைத்துவிட்டு. "தண்ணிக்குள்ள எறங்குறப்ப ஒன்னத் தவிர யாரையும் நான் நம்ப மாட்டேன். அதுல ஒனக்குப் பெருமதான?"

"ஆமாண்ணே. பெருமைதான்."

பொய் சொல்லவில்லை, மேடம். அப்போது எனக்கு உண்மையிலேயே பெருமையாகத்தான் இருந்தது. பெண் கேட்டு வந்த மூன்று பேரை விட இந்தக் கயிறு பெரியது என்று அல்லவா அதற்கு அர்த்தம். படுக்கும்போது அதை நினைத்துப் பார்த்தேன். நன்றாகத் தூங்கினேன்.

மார்கழியில் அதிகாரிகள் வந்து கரையை அளந்தார்கள். கரையிலேயே இரும்பு ஷட்டர் வைக்கப் போகிறார்கள். சக்கரத்தைச் சுற்றினால் தண்ணீர் வரும், எதிர்ப்பக்கம் சுற்றினால் நிற்கும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகூடச் செய்யலாம். குமிழியை கான்கிரீட் போட்டு மூடிவிடுவார்கள். மனு எழுதிக் கொடுத்து இரண்டு வருடம் அலைந்தவர் அண்ணன்தான். அது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அவருக்குக் காதில் இரைச்சல் ஆரம்பித்திருந்தது. நியாயமான விஷயம். அப்பா மாதிரி ஆகிவிடக் கூடாது என்று பயந்திருக்கிறார். அதில் அவரைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

வேலை ஆரம்பிக்க வேண்டுமானால் கண்மாய் வடிய வேண்டும். தை பத்தாம் தேதி கடைசியாக ஒரு முறை முங்கிக் கல்லைப் பிடுங்கிவிடுவது என்று முடிவானது. கடைசி முங்கல் என்பதால் ஊரே கரைக்கு வந்துவிட்டது. கருப்பருக்கு ஒரு தேங்காய், மாதாவுக்கு மெழுகுவர்த்தி. அண்ணி வழக்கம்போல வீட்டில். லியோன் காலேஜில். நான் கயிற்றை நனைத்து வைத்திருந்தேன்.

அண்ணன் இடுப்பில் கட்டிக்கொண்டே எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "இன்னையோட ஒனக்கும் ரிட்டயர்மென்ட் சோபி. நாளையிலேர்ந்து நீ ஃப்ரீ. எங்கிட்டு வேணாலும் போகலாம், யாரும் கேக்க மாட்டோம்."

"பென்சன் உண்டாப்பா?" என்று முத்துராஜ் மாமா கேட்டார்.

"பென்சனா? பழைய கயிறு இருக்குல்ல, அத வச்சு ஆடு கட்டிக்கிறட்டும்."

கரை முழுக்கச் சிரிப்பு. அவர் கேலிக்காரர் இல்லை. அன்று சந்தோஷமாக இருந்தார், அவ்வளவுதான். விடுதலை கொடுக்கிறவர் மேல் யாருக்காவது கோபம் வருமா? எனக்கு வரவில்லை. நாற்பது வயதில் எங்கிட்டுப் போவது என்று ஒரு கணம் யோசித்தேன். ஆவூருக்கு பஸ் இருக்கிறது. அங்கே போய் இறங்கினால் என்ன செய்வது என்று தெரியவில்லை. அதற்குள் அவர் தண்ணீரில் இறங்கிவிட்டார்.

தூணைக் கட்டிப் பிடித்து ஒரு தடவை திரும்பி என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். அவர் முங்கினார். அருள் நிறைந்த மரியே.

மூன்றாவதில் கயிறு லேசாக அசைந்தது. அவர் கல்லில் கை வைத்துவிட்டார். நான்காவதில் இரண்டு தடவை சுண்டினார். தெளிவாக, எப்போதும் போல. கரைக்கு அந்தப் பக்கம் வாய்க்காலில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. பிள்ளைகள் கை தட்டின.

நான் இழுக்கவில்லை.

ஏன் என்று கேட்பீர்கள். கடைசித் தடவை அல்லவா. இனிமேல் இந்தக் கயிறு என் கையில் இருக்காது. இன்னும் கொஞ்ச நேரம் பிடித்திருக்கலாம் என்று தோன்றியது. அவ்வளவுதான். மறுபடி மறுபடி யோசித்துப் பார்த்துவிட்டேன், இதைத் தவிர வேறு காரணம் கிடைக்கவில்லை.

ஆறாவதில் அவர் சுண்டவில்லை, இழுத்தார். தூண்டிலில் பெரிய விரால் மாட்டினால் எப்படியோ அப்படி இருந்தது. நான் கால்களை ஊன்றிக்கொண்டு, அவர் இழுத்த அளவுக்குக் கயிறு விட்டுக் கொடுத்தேன். வெளியே பார்ப்பதற்குக் கயிறு சும்மா கிடப்பது போலத்தான் இருக்கும். அது பழக்கத்தில் வருவது, புதிதாகப் பிடிக்கிறவளால் முடியாது.

"என்னம்மா, இன்னுமா சுண்டல? தண்ணிதான் வந்துருச்சே" என்றார் முத்துராஜ் மாமா.

"கல்லு பாதிதான் வந்துருக்கு மாமா. இன்னும் சுண்டல."

எட்டாவதில் மாமா ஓர் அடி முன்னால் வந்தார். நான் ஒரு கையைத் தூக்கினேன். நின்றுவிட்டார். இருபத்தாறு வருடம் சரியாகப் பிடித்த கைக்குக் கொடுத்த மரியாதை அது. அத்தனை பேர் நின்றார்கள். நீந்தத் தெரிந்தவர்கள் இருபது பேராவது இருப்பார்கள். ஒருவரும் கயிற்றைத் தொடவில்லை.

ஒன்பதாவதில் கயிறு துள்ளுவது நின்றது. பத்தாவதில் ஒன்றும் இல்லை. பதினொன்றையும் முழுதாகச் சொன்னேன். ஜெபத்தைப் பாதியில் விடுவது எனக்குப் பழக்கம் இல்லை. பிறகு "சுண்டவே இல்ல" என்று சொல்லி இழுத்தேன். அவர் வரவில்லை. வலது கை தோள் வரைக்கும் துளைக்குள் போயிருந்தது. பிறகு பையன்கள் குதித்தார்கள். தண்ணீர் பாதி வடிந்த பிறகுதான் எடுக்க முடிந்தது. மடை நன்றாகத் திறந்திருந்தது. அண்ணன் தன் வேலையைச் சுத்தமாக முடித்திருந்தார்.

என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. குமிழி காவு வாங்கிவிட்டது என்றார்கள். மூடப் போகிறார்கள் என்று தெரிந்து அதற்குக் கோபமாம். நான்தான் மயங்கி விழுந்துவிடுவேன் என்று பெண்கள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். நான் விழவில்லை. அடக்கத்துக்கு வேண்டியதை எல்லாம் நான்தான் பார்த்தேன். மண் போடும்போது அழுதேன், மேடம். அதுவும் பொய் இல்லை. கூடப்பிறந்தவர்.

அதற்குப் பிறகு கான்கிரீட் போட யாரும் சம்மதிக்கவில்லை. முத்துராஜ் மாமா வகையறா தூணுக்கு மஞ்சள் துணி கட்டினார்கள். நாங்கள் கரையில் பூசை வைத்தோம். காண்ட்ராக்டர் இரண்டு மாதம் பார்த்துவிட்டுப் போய்விட்டார். ஷட்டர் பலகை இன்னும் கரையோரம் கிடக்கிறது. அதன் மேல் பெண்கள் துணி துவைக்கிறார்கள். போன வருடம் மழை இல்லை, கண்மாய் நிறையவில்லை. இந்த வருடம் நிறைந்துவிட்டது. நெல் பால் பிடிக்கிற நேரம். தை இருபதுக்குள் மடையைத் திறக்காவிட்டால் அத்தனையும் பதராகிவிடும்.

முத்துராஜ் மாமா வீட்டுக்கு வந்து லியோனைக் கேட்டார். அவனுக்கு இப்போது இருபது வயது, நல்ல மூச்சு. அவன் சரி என்றுவிட்டான். அண்ணிதான் மறித்துக்கொண்டு நின்றார்.

"ஒருத்தரக் குடுத்தாச்சு. எம்புள்ளயவும் கேக்குறீங்களா? முடியாது."

நான்தான் அண்ணியை உட்கார வைத்துப் பேசினேன். கயிறு சரியாக இருந்தால் முங்குகிறவனுக்கு ஒன்றும் ஆகாது என்றேன். என்னை விட இதைத் தெரிந்தவர் ஊரில் கிடையாது. அண்ணி ரொம்ப நேரம் அழுதுவிட்டு, கடைசியில் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அப்ப நீயே பிடி சோபியா. ஒன்ன நம்பித்தான் விடுறேன். ஷர்லி படிக்கட்டும். கணக்குல முதல் மார்க்கு வாங்குறா, டீச்சர் அவ்வளவு சொல்லுறாங்க."

அது முறை இல்லை என்று சொன்னேன். அத்தை பிடிக்கக் கூடாது, கூடப்பிறந்தவள்தான் பிடிக்க வேண்டும். முறையை மாற்றினால் மறுபடி ஏதாவது நடந்துவிடும் என்றேன். அண்ணி என் கையை விட்டுவிட்டார். ஷர்லி ஒன்பதாம் வகுப்புதான் படிக்கிறாள். போன திங்கட்கிழமை நானே பள்ளிக்கூடத்துக்குப் போய் டி.சி. வாங்கிக்கொண்டு வந்தேன். அவள் இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் சாப்பிட்டாள். நானும் அப்படித்தான் சாப்பிட்டேன், ஞாபகம் இருக்கிறது.

சிலர் இதைக் கொடுமை என்று நினைக்கலாம். அவள் படித்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். திருச்சியில் ஹாஸ்டல், அப்புறம் ஏதோ ஓர் ஊரில் வேலை, கல்யாணம். வருடத்துக்கு ஒரு தடவை ஈஸ்டருக்கு வருவாள். இங்கே இருந்தால் ஊரே அவள் முகத்தைப் பார்த்து நிற்கும். ராத்திரி என் பக்கத்தில்தான் தூங்குவாள். நான் அவளுக்கு நல்லதுதான் செய்கிறேன்.

இப்போது தினமும் கிணற்றில் இறைக்கிறாள். மாலையில் நான் கயிற்றின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, சுண்டுவது எப்படி இருக்கும் என்று காட்டுகிறேன். நன்றாகப் பிடித்துக்கொள்கிறாள். நேற்று கேட்டாள்:

"அத்த, அன்னைக்கு நீங்க எத்தன மரியே சொன்னீங்க?"

"அஞ்சு" என்றேன். "அஞ்சுக்கு மேல எப்பவும் போகக் கூடாது."

அவள் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினாள், ஐந்தில் நிறுத்தவில்லை. கணக்கில் கெட்டிக்காரி. அன்று கரையில் அவளும்தான் நின்றாள், முன்வரிசையில்.

நான் செய்ததைச் சொல்லிவிட்டேன். அண்ணன் கயிற்றை இழுத்தார். அது எனக்குத் தெரிந்தது. நான் இழுக்காததால்தான் அவர் இறந்தார். உங்கள் காகிதத்தைத் திருத்திக்கொள்ளுங்கள். இதற்காக என்னைக் கூட்டிப் போக வேண்டும் என்றால் வருகிறேன், ஓட மாட்டேன். ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். தை இருபதுக்குப் பிறகு வாருங்கள். ஷர்லிக்கு இன்னும் பேனா பிடித்த கைதான். தோல் உரிந்து ரத்தம் வருகிறது. ராத்திரி நான்தான் விளக்கெண்ணெய் தடவி விடுகிறேன். நான் பக்கத்தில் இல்லாவிட்டால் பிள்ளை பயந்துவிடுவாள்.